புது வெர்ஷன்ல ப்ராஜெக்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ஃபோல்டரை காப்பி எடுத்து வைங்க

மொபைல் ஆப் பண்றதுக்கு ஒரு டூலை ஆறு வருஷமா சந்தா கட்டி யூஸ் பண்ணிட்டு இருக்கேன். அதோட புது வெர்ஷன்ல எனக்கு ரெண்டு வாரம் முழுசா போச்சு, ஒரு நல்ல கிளையன்ட் கிட்ட இருந்த பேரும் கொஞ்சம் போச்சு. டூல் பேரைப் போட்டா பேச்சு வேற பக்கம் திரும்பிடும், அதனால போடல. இதே மாதிரி எந்த டூல்ல வேலை பாத்தாலும் இது உங்களுக்கும் நடக்கலாம், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

புது வெர்ஷன் வந்த அன்னைக்கே ஓடிப்போய் போடற ஆள் நான் இல்ல. கூகுள் ப்ளே ஸ்டோர்ல 2025 ஆகஸ்ட் 31-லேர்ந்து புது ஆப் போட்டாலும் சரி, இருக்கற ஆப்புக்கு அப்டேட் போட்டாலும் சரி, டார்கெட் ஏபிஐ (ஆப் எந்த ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்காக செஞ்சதுன்னு சொல்ற நம்பர்) 35, அதாவது ஆண்ட்ராய்டு 15 இருக்கணும்னு விதி வந்துச்சு. என்கிட்ட இருந்த பழைய வெர்ஷன் 34 வரைக்கும்தான் போகும். டெலிவரி ஆளுங்க கையில வச்சு வேலை பாக்கற ஆப் ஒண்ணுக்கு செப்டம்பர் நடுவுல அப்டேட் தரேன்னு கிளையன்ட் கிட்ட வாக்கு கொடுத்துட்டேன், அதனாலதான் புது வெர்ஷனைப் போட்டேன்.

இன்னொரு காரணம் வெர்ஷன் நம்பர். மூணு நம்பர்ல முதல் நம்பர் மாறினா பழசு உடையலாம், நடு நம்பர் மாறினா புதுசா ஏதோ சேத்திருக்காங்க ஆனா பழசு அப்படியே ஓடும், கடைசி நம்பர்னா பக் ஃபிக்ஸ் மட்டும், இதுதானே செமான்டிக் வெர்ஷனிங்னு எல்லாரும் பழகி வச்சிருக்கற வழக்கம். இவங்க மாத்தினது நடு நம்பர். ரிலீஸ் நோட்ஸ்லயும் ஆண்ட்ராய்டு 15 சப்போர்ட், வேகம் கூடியிருக்கு, ஆப் சைஸ் குறையும், இவ்வளவுதான். அதை நம்பி ப்ராஜெக்டைத் திறந்தேன். சில செகண்ட் ஒரு பார் ஓடுச்சு, திறந்துடுச்சு. எந்தக் கேள்வியும் கேக்கல. அந்த சில செகண்ட்ல என்னோட 40 ஃபார்ம் ஃபைலையும் (ஆப்போட திரைகள் இருக்கற ஃபைல்) புது ஃபார்மட்டுக்கு மாத்தி அதே இடத்துல சேவ் பண்ணிடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சது நாலு நாள் கழிச்சு.

அந்த நாலு நாள்ல சின்னச் சின்ன தொல்லை நிறைய. டைப் பண்ணா ஆட்டோ கம்ப்ளீட் வர மூணு செகண்ட் ஆகுது, பார்கோட் ஸ்கேனர் ப்ளகின் (ஆப்ல சேக்கற துணை கோடு) கம்பைல் ஆகல, வேற ஒண்ணு தேடிப் போட்டேன். கீழ இருக்கற சேவ் பட்டன் நேவிகேஷன் பாருக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு. இது டூலோட தப்பு இல்ல, 35-ஐ டார்கெட் பண்ணா ஆண்ட்ராய்டு 15 போன்ல ஆப் திரை முழுக்க விளிம்பு வரைக்கும் பரவித்தான் வரும், அது ஆண்ட்ராய்டோட விதி. ஆனா ஆண்ட்ராய்டு 15 சப்போர்ட்னு சொல்லி விக்கிறவங்க அதுக்கு ஒரு ப்ராப்பர்ட்டியாவது கொடுத்திருக்கணும் இல்லையா? ஒவ்வொரு ஃபார்மா உக்காந்து கையால இடம் விட்டேன்.

இதெல்லாம்கூட பொறுத்துக்கலாம். டெஸ்டிங்குக்கு ரிலீஸ் பில்ட் (யூசருக்குப் போற இறுதி ஆப்) அனுப்பின மறுநாள் காலையில கிளையன்ட் போன் பண்ணார். "என்னங்க, லிஸ்ட்ல ஆர்டர் நம்பர் மட்டும்தான் வருது, பேரு அட்ரஸ் எதையுமே காணோமே?" எனக்குப் புரியவே இல்ல, என் போன்ல எல்லாம் சரியா வருது. கிராஷ் இல்ல, எரர் இல்ல, லாக்ல ஒரு வரி இல்ல, சர்வர்ல இருந்து டேட்டாவும் ஒழுங்காத்தான் போகுது. ரெண்டு ராத்திரி தூங்கல. கடைசியில என் போன்ல ஓட்டிட்டு இருந்த டீபக் பில்டையும் (வேலை பாக்கறப்ப சோதிக்கறதுக்கான ஆப்) ரிலீஸ் பில்டையும் பிரிச்சு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன், ரிலீஸ்ல என் கிளாஸ் பேரு ஃபீல்டு பேரு எல்லாம் ஏ, பி, சின்னு ஒத்தை எழுத்தா மாறிக் கிடக்குது.

விஷயம் இதுதான். ஆப்ல எங்கயும் யூஸ் ஆகாத புரோகிராம் கோடை வெட்டிட்டு, மிச்சம் இருக்கற பேரை எல்லாம் சுருக்கற வேலையை இந்த வெர்ஷன்ல டீஃபால்ட்டா ஆன் பண்ணி விட்டுட்டாங்க, அதுவும் ரிலீஸ் பில்டுக்கு மட்டும். சர்வர்ல இருந்து வர ஜேசன்ல (டேட்டாவை அனுப்பற ஒரு எழுத்து வடிவம்) "பேரு"ன்னு ஒரு ஃபீல்டு இருந்தா அதே பேருல கிளாஸ்ல ஃபீல்டு இருக்கான்னு தேடித்தான் டேட்டாவை உள்ள போடும், பேரை "ஏ"ன்னு மாத்திட்டா எங்க போடும்? காலியா விட்டுடும். ஆர்டர் நம்பர் மட்டும் ஏன் வந்துச்சுன்னா அந்த ஒரு ஃபீல்டுக்கு மட்டும் ஜேசன் பேரைத் தனியா அனோட்டேஷன்ல (கோடுல ஃபீல்டு மேல ஒட்டற குறிப்பு) எழுதி வச்சிருந்தேன். அந்தத் துப்பு இல்லைன்னா இன்னும் தேடிட்டுதான் இருந்திருப்பேன். கோடைச் சுருக்கறது நல்ல விஷயம்தான், நான் எதிர்க்கல. ஆனா ஆப் சைஸ் குறையும்னு ஒரு வரி போட்டவங்க எதை வெட்டிக் குறைக்கிறோம்னு இன்னொரு வரி போட்டிருந்தா ரெண்டு ராத்திரி மிஞ்சியிருக்கும். அட்ரஸ் இல்லாத லிஸ்ட்டோட ஆளுங்க வண்டியை எடுத்துட்டு ரோட்டுல நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் பதறுது.

சரி பழசுக்கே போயிடலாம்னு திறந்தா, "இந்த ப்ராஜெக்ட் புதிய வெர்ஷன்ல சேமிக்கப்பட்டது, திறக்க முடியாது". கிட்ல (கோடோட பழைய நிலைகளைச் சேத்து வைக்கற டூல்) பழைய கமிட், அதாவது சேத்து வச்ச பழைய நிலை, இருந்துச்சு, ஆனா அதுக்குப் போனா நாலு நாள் வேலை போயிடும், ஃபார்ம் ஃபைலை டிஃப் (பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம்) எடுத்துப் பாத்தா எது நான் மாத்தினது எது டூல் மாத்தினதுன்னே பிரிக்க முடியல. பழைய இன்ஸ்டாலரை டவுன்லோட் பேஜ்லேர்ந்தே எடுத்துட்டாங்க, நல்லவேளை ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்ல கிடந்துச்சு.

சப்போர்ட்டுக்கு எழுதினேன். மூணு நாள் கழிச்சு கேஷ் கிளியர் பண்ணி ரீஇன்ஸ்டால் பண்ணுங்கன்னு பதில். ஸ்க்ரீன்ஷாட், பில்ட் ரெண்டையும் அனுப்பினேன், "இது எதிர்பார்க்கப்பட்ட செயல்பாடுதான்"னு சொல்லி டிக்கெட்டை மூடிட்டாங்க. ரீஃபண்ட் கேட்டேன், சந்தா ஆக்டிவேட் ஆயிடுச்சு, முடியாதுன்னுட்டாங்க.

பழசை உடைக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழியோட 3-ம் வெர்ஷன் வந்தது 2008 டிசம்பர்ல, பழைய கோடு நிறைய அதுல ஓடல, ஆனா அதை முன்னாடியே சொல்லி, கோடை மாத்த ஒரு கருவியும் கொடுத்து, பைத்தான் 2-ஐ 2015-ல நிறுத்தறதா இருந்ததை 2020 ஜனவரி 1 வரைக்கும் தள்ளி வச்சாங்க. வெப் ஆப் பண்ற ஆங்குலர் 2016-ல முழுசா மாறினப்பவும் முதல் நம்பர் மாறுச்சு, பாக்கறவனுக்கு இது வேறன்னு தெரிஞ்சுது. இங்க எதுவுமே சொல்லாம மாத்திட்டாங்க, என் கோபம் எல்லாம் அதுல மட்டும்தான்.

நீங்க இப்ப அப்டேட் பண்ணப் போறீங்கன்னா, ப்ராஜெக்ட் ஃபோல்டரை தனியா காப்பி எடுத்து அந்த காப்பியைத்தான் புது வெர்ஷன்ல திறங்க. ஒரு ஃபைல்கூடத் தொடாம மூடிட்டு கிட் ஸ்டேட்டஸ் பாருங்க, நீங்க தொடாத ஃபைல் மாறியிருந்தா உடனே தெரிஞ்சிடும். பழைய இன்ஸ்டாலரை கண்டிப்பா எடுத்து வைங்க. முதல் நாளே ரிலீஸ் பில்ட் போட்டு நிஜ போன்ல ஓட்டிப் பாருங்க, நான் டீபக்லயே நாலு நாள் ஓட்டினதுதான் பெரிய தப்பு. லிஸ்ட் காலியா வந்தா சுருக்கற ஆப்ஷனை ஆஃப் பண்ணிப் பாருங்க, இல்லைன்னா டேட்டா கிளாஸ் எல்லாத்துக்கும் பேரை மாத்தாதேன்னு கீப் ரூல் எழுதுங்க.

ஸ்டோர் கெடுவுக்கு ப்ளே கன்சோல்ல (ஸ்டோர்ல ஆப் போடறவங்களுக்கான கூகுள் பக்கம்) நீட்டிப்பு கேட்டேன், நவம்பர் 1 வரைக்கும் கிடைச்சுது. அதை வச்சு பழைய வெர்ஷன்லயே நாலு நாள் வேலையை மறுபடி செஞ்சு செப்டம்பர் கடைசியில அப்டேட் கொடுத்துட்டேன். அக்டோபர்ல காப்பி எடுத்து, கீப் ரூல் எழுதி, புது வெர்ஷனுக்கு மாத்தினேன், இப்ப ஓடுது. கையெழுத்து வாங்கற ப்ளகின் மட்டும் இன்னும் வேலை செய்யல, யாராவது சரி பண்ணியிருந்தா எப்படின்னு சொல்லுங்க.