பழத்தோல் கிரீம் பயிற்சியில் போன 18,500 ரூபாய்

தக்கலையில் நாங்கள் நடத்தும் பழச்சாறுக் கடையில் நாள்தோறும் இரண்டு கூடை ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளைத் தோல் குப்பைக்குப் போகும். அவற்றை முகக் கிரீமாக மாற்றக் கற்றுத் தருவதாக இணையத்தில் ஒரு பயிற்சி நிறுவனம் விளம்பரம் செய்திருந்தது. நான்கு நாள் காணொளி வகுப்பு, மூலப்பொருள் பெட்டி, சான்றிதழ் எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய்.

நான் தயங்கியபோது பயிற்சியாளரே காணொளியில் அழைத்தார். ஆறு மாதத்துக்கு முன் செய்தது என்று ஒரு டப்பாவைத் திறந்து, விரலால் எடுத்துத் தம் கன்னத்திலேயே தடவிக்கொண்டு, "அக்கா, எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், கெட்டுப்போகும் பொருளை நான் முகத்தில் பூசுவேனா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் விழுந்தேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து 18,500 ரூபாயை அன்றிரவே அனுப்பினேன்.

தோலை உலர்த்திக் கொதிக்க வைத்து வடித்த சாற்றைத் தேங்காய் எண்ணெயோடும் அவர்கள் அனுப்பிய மெழுகோடும் கலக்கக் கற்றுத் தந்தார்கள். கிரீம் கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ் வேண்டாம், வைட்டமின் ஈ சில துளிகள் போதும் என்றார்கள். வைட்டமின் ஈ எண்ணெயில் சிக்கு வாடை வருவதைத் தள்ளிப்போடுமே தவிர பூஞ்சையையும் பாக்டீரியாவையும் தடுக்காது என்பதையும், தண்ணீர் சேர்ந்த கிரீமுக்குப் பிரிசர்வேட்டிவும் அது வேலை செய்வதற்கேற்ற அமிலத்தன்மையும் கட்டாயம் என்பதையும், பணம் போன பிறகு நாகர்கோவிலில் தெரிந்த மருந்தாளர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

நாற்பது டப்பா செய்தேன். பதினெட்டாம் நாள் மேலே எண்ணெய் பிரிந்து நின்றது. மூடியின் உட்புறம் கரும்புள்ளிகள். எலுமிச்சைத் தோல் சேர்த்த கிரீமைத் தடவிக்கொண்டு வெயிலில் போன என் மைனிக்குக் கழுத்தெல்லாம் சிவந்து எரிந்தது. எலுமிச்சைத் தோலில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் சருமத்தைப் பொசுக்கக்கூடும் என்று அந்த நான்கு நாளில் ஒரு சொல்கூட வரவில்லை.

கேட்டபோது முதலில், "கரண்டி ஈரமாக இருந்திருக்கும்" என்றார்கள். மறுநாள், "உங்கள் குமரி மாவட்டத்துக் காற்றில் ஈரம் அதிகம், அதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார்கள். எங்கள் ஊர்க் காற்றின் ஈரம் பணம் வாங்கும்போது அவர்களுக்குத் தெரியவில்லை போலும். மூன்றாவதாக, இன்னொரு 6,000 ரூபாய் கட்டினால் உயர்நிலை வகுப்பில் தீர்வு சொல்வதாகச் சொன்னார்கள். 18,500 ரூபாயைத் திருப்பிக் கேட்ட அன்றே வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் இவ்வளவே வருகிறது. தண்ணீர் சேர்ந்த கிரீம் பிரிசர்வேட்டிவ் இல்லாமல் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும் என்று எவராவது சொன்னால் பணம் அனுப்பாதீர்கள். பயிற்சிச் சான்றிதழ் உரிமம் ஆகாது. அழகுசாதனங்களைத் தயாரித்து விற்க 2020ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். பூச்சிமருந்து தெளித்த தோலா என்று பாருங்கள். விற்ற எட்டு டப்பாக்களின் பணத்தை நாளை வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.