திகில் கதைக்கு ஒரு சிறு பதிப்பகம்: திருத்தத்துக்காகப் போகலாம், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் போகவும்

புதுச்சேரியில் நேரு வீதியை ஒட்டிய ஒரு மாடியறையில் இயங்கும் சிறு பதிப்பகம், பேய்க்கதையும் திகில் கதையும் எழுதுகிறவர்களின் முதல் தொகுப்பை வெளியிட்டுத் தருகிறது. கதைத் திருத்தம், மெய்ப்பு (அச்சுப்பிழை பார்ப்பது), பக்க வடிவமைப்பு, அட்டை, 100 படிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து என்னிடம் வாங்கியது 22,000 ரூபாய். டெமி அளவில் 128 பக்கத் தொகுப்பு அது. பணம் கொடுத்துப் புத்தகம் போடுவதைப் பற்றிப் பலருக்கும் பல கருத்து உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் பதிப்பகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கிடைத்தவற்றில் முதலிடம் திருத்தத்துக்குத்தான். பதிப்பாளரே கதைகளைப் படிக்கிறார், அதுவும் அச்செடுத்த தாளில் பென்சிலோடு. என் கதைகளில் ஒன்று, 'தானே' என்று பெயரிடப்பட்ட புயலின் இரவில் நடப்பது. 2011 டிசம்பர் 30 காலையில் அந்தப் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததற்கு முந்தைய இரவு, புதுப்பாளையத்தில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியை, இறந்துபோன கணவரின் குரல் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. பேய் மூன்றாம் முறை கூப்பிடாது, அதனால் இராத்திரியில் யார் கூப்பிட்டாலும் மூன்றாம் முறை கூப்பிடும்வரை பதில் சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லிவைத்த கட்டுப்பாடு. கதவிடுக்கில் தெரிந்த உருவம், அதன் கண், அதன் நிறம் என்று ஒரு பக்கத்துக்கு நான் எழுதியிருந்த வருணனையை அவர் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதியிருந்தார்: "அந்தக் காற்றுச் சத்தத்தில், இது எத்தனையாவது முறை என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

கதையே அந்தக் கேள்வியில்தான் இருந்தது. காதில் விழுந்தவை இரண்டு. நடுவில் ஒன்றைக் காற்று விழுங்கியிருந்தால் மூன்றாகிவிட்டது, அப்படியானால் வெளியே நிற்பது மனிதர், கதவைத் திறக்காமல் விடுவது பாவம். விழுங்கவில்லையென்றால் இன்னும் ஒரு முறை காத்திருக்க வேண்டும். உருவத்தைக் காட்டாமலே கதை முடிந்துவிட்டது. அதே தாளில் இன்னோர் இடத்தில், முந்திரிக் கிளை முறிகிற சத்தமும் பலா வேரோடு சாய்கிற சத்தமும் ஒன்றாக இருக்காதே, கிழவி கேட்டது எதை என்று கேட்டிருந்தார். 'திடீரென்று' என்ற சொல் வந்த இடங்களிலெல்லாம் ஒரு சிறு வட்டம். கடைசிப் பத்தியில் விளக்கம் கொடுத்திருந்த கதைகளில் அந்தப் பத்திக்குப் பக்கத்தில் குறிப்பே இல்லை, நேர்க்கோடு மட்டும்.

திருத்தம் தொடங்குவதற்கு முன் வீட்டுப்பாடமும் உண்டு. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் படித்து, அதில் ஆசிரியர் சொல்லாமல் விட்ட இடங்களைப் பட்டியலிட்டு வரச் சொல்கிறார். புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் என்பதால் கடலூர்க்காரர்களிடம் பதிப்பாளர் இதைச் சற்று அழுத்தியே கேட்பார் போலிருக்கிறது. தெரிந்த கதைதானே என்று போனால் பட்டியல் பாதியில் நின்றுவிடும். வேலைக்காரியாக வந்தவள் யார் என்பதை அந்தக் கதை எந்த வரியில் உறுதி செய்கிறது என்று தேடிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எழுத்தாளர்களிடம் பதிப்பாளர் விரும்பிச் சொல்லும் ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவில் லவ்கிராஃப்ட் 1937-இல் இறந்தபோது அவருடைய திகில் கதைகளைப் புத்தகமாகப் போடப் பெரிய பதிப்பகங்கள் முன்வரவில்லை. நண்பர்கள் இருவர் 1939-இல் ஆர்க்கம் ஹவுஸ் என்ற சிறு பதிப்பகத்தைத் தொடங்கி 1,268 படிகள் அச்சிட்டார்கள். இன்றைக்கு அவர் உலகறிந்த பெயர். எல்லாம் உண்மைதான். அந்தப் படிகள் விற்றுத் தீரவும் சில ஆண்டுகள் பிடித்தன என்பதை மட்டும் பதிப்பாளர் சொல்வதில்லை.

அச்சு வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. 70 ஜிஎஸ்எம் கனத்தில் லேசான மஞ்சள் சாயல் கொண்ட 'நேச்சுரல் ஷேட்' தாள், பசைக்கட்டு, படிக்கக் கண்ணை உறுத்தாத எழுத்து. அட்டைக்கு முதலில் மண்டையோடும் இரத்தம் வழியும் எழுத்துமாக ஒன்றைக் காட்டினார்கள். வேண்டாம் என்றதும் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள்.

பணம், உரிமை என்று வரும்போதுதான் கவனம் தேவை. விலைப்பட்டியலில், ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று 1,500 ரூபாய் தனியே போட்டிருந்தார்கள். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே வழங்குகிறது. சொந்தமாகப் புத்தகம் போடும் எழுத்தாளரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்துத் தரும் வேலைக்கான கூலி என்று விளக்கம் சொன்னார்கள். அப்படியானால் அப்படியே எழுதியிருக்கலாம்.

ஒப்பந்தம் இதைவிட மோசம். அச்சு, மின்னூல், ஒலிவடிவம், திரை ஆகிய அனைத்து உரிமைகளும் "பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதும்" பதிப்பகத்துக்கே என்று அதில் இருந்தது. காலத்தைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால்கூட எழுத்தாளருக்கு நல்லது, ஏனென்றால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, காலம் சொல்லப்படாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். இவர்கள் எழுதியிருப்பதோ எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள். பேயாக வந்து கேட்டாலும் கதை திரும்பக் கிடைக்காது. ஆங்கிலத்தில் திகில் கதை வெளியிடும் சிறு பதிப்பகங்களும் இதழ்களும் பெரும்பாலும் முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் பெற்றுக்கொண்டு, ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்ததும் மறுவெளியீட்டுக்கு வழிவிடுகின்றன. அதுவும் எழுத்தாளரிடம் பணம் வாங்காமல். செலவை ஏற்றவரிடமே உரிமையையும் முழுதாக எழுதி வாங்குவது எந்தக் கணக்கில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. திகில் கதைகளை ஒலிவடிவில் கேட்பவர்கள் தமிழில் இப்போது நிறைய இருப்பதால், விட்டுக்கொடுக்கவே கூடாத உரிமை அதுதான். நான் மறுத்ததும் அச்சுப் புத்தக உரிமை மட்டும், மூன்று ஆண்டுகள் என்று அன்றைக்கே திருத்திக் கொடுத்தார்கள். அதாவது கேட்காதவர்களுக்குத்தான் அந்தப் பழைய வாசகம்.

விற்பனையை அவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். கடைகளுக்கு விலையில் கழிவு கொடுத்துப் புத்தகம் அனுப்பும் ஏற்பாடு அவர்களிடம் இல்லை. நெய்வேலி புத்தகக் கண்காட்சி இவ்வளவு பக்கத்தில் நடந்தும் அங்கே இவர்கள் அரங்கு எடுப்பதில்லை. 100 படிகளும் கட்டுக் கட்டாக எழுத்தாளர் வீட்டுக்கே வந்துவிடுகின்றன, பிறகு நண்பர்கள், உறவினர்கள், கூட்டங்கள் என்று நாமே கொண்டுபோக வேண்டியதுதான்.

ஆகவே தொகுப்பு போடும் எண்ணம் இல்லாமல், ஒன்றிரண்டு கதைகளை மட்டும் அவருடைய பென்சிலுக்குக் கொடுத்துத் திருத்தி, இதழ்களுக்கு அனுப்ப விரும்புகிறவர்களுக்கே இந்த இடம் அதிகம் பயன்படும். அதற்குக் கதைக்கு 800 ரூபாய் என்று தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். அச்சடித்த விலைப்பட்டியலில் அது இருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள்.