லாவெண்டர் பார்க்க ஃபுரானோ: காரும் கூடாரமும் போதும்

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் அசஹிகாவா நகரிலிருந்து 237ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால், பியேய் குன்றுகளைத் தாண்டி சுமார் ஒரு மணி நேரத்தில் ஃபுரானோ வட்டாரத்தின் நகாஃபுரானோ ஊரில் ஃபார்ம் டொமிட்டா பண்ணை. அனுமதியும் வாகன நிறுத்தமும் இலவசம். 1958இல் வாசனை எண்ணெய்க்காக லாவெண்டர் பயிரிடத் தொடங்கிய குடும்பப் பண்ணை இது. செயற்கை வாசனைப் பொருட்கள் வந்து விலை சரிந்தபோதும் செடிகளைப் பிடுங்கி எறியாமல் காத்தார்கள். அந்தப் பிடிவாதத்துக்காகவே பார்க்க வேண்டிய இடம்.

ஜூலை நடுவில் போங்கள். ஜூன் இறுதியில் முன்பூக்கும் ரகம் மட்டுமே நிறம் காட்டும். ஆகஸ்டில் பெரும்பாலும் அறுத்த வரிசைகள்தான். பகல் பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து சாலையே திணறும். ஜூலையில் விடியல் நான்கு மணிக்கே என்பதால், கூடாரத்தில் தங்குபவர்களுக்குச் சீக்கிரம் போவது சுலபம். லாவெண்டர் ஐஸ்கிரீமை விடாதீர்கள், வாசனை மென்மையாக இருக்கும்.

தங்குவதற்கு பக்கத்து ஊரான காமிஃபுரானோவின் ஹினோதே பூங்கா முகாம் நல்ல தேர்வு. பக்கத்துக் குன்றிலேயே லாவெண்டர் பூக்கும். ஜூலைக்கு முன்பதிவு அவசியம். கோடையிலும் இரவில் குளிரும், தடித்த உறைப்படுக்கை (ஸ்லீப்பிங் பேக்) தேவை. அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கேயே வாங்குங்கள். உணவை வெளியே வைத்தால் நரி தூக்கிப் போகும். அந்த நரிகளால் நாடாப்புழு முட்டைகள் ஓடை நீரில் கலந்திருக்கலாம்; கொதிக்க வைக்காமல் குடிக்கவே கூடாது.