முழு விலக்கா, அளவான குறைப்பா?

விலங்குப் பொருள் எதையும் உண்பதில்லை என்று ஒருமுறை முடிவெடுத்தவருக்கு, உணவகத்தின் நீண்ட பட்டியலும் சில வரிகளாகச் சுருங்கிவிடுகிறது. விருந்தில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்று மனத்துக்குள் வாதம் நடத்த வேண்டியதும் இல்லை. இறைச்சியைக் குறைத்துக்கொள்வோம் என்பவருக்கோ, இன்று உண்ணலாமா, நேற்று உண்டது எவ்வளவு என்று வேளைதோறும் கணக்குப் பார்க்க நேர்கிறது. பசி வந்துவிட்டால் அந்தக் கணக்கும் பெரும்பாலும் நாவுக்குச் சாதகமாகவே முடிகிறது.

முழு விலக்கிலும் வேலை உண்டு. பொட்டலத்தின் பின்புறச் சிற்றெழுத்தில் பால் பொடியோ, விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினோ இருக்கிறதா என்று தேட வேண்டும். தாவர உணவில் போதிய அளவு கிடைக்காததால், பெரியவர்களுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் 2.4 மைக்ரோகிராம் வைட்டமின் பி12 சத்தை, அதைச் சேர்த்துச் செறிவூட்டிய உணவிலிருந்தோ மாத்திரையிலிருந்தோ பெற்றாக வேண்டும். குறைத்து உண்பவருக்கு இந்தக் கவலை குறைவு. ஆயினும், அன்றாடத் தயக்கத்தைத் தவிர்ப்பதே நோக்கமென்றால், முழு விலக்கையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.