நேயர் கணக்கு: நாட்குறிப்பு, கருவி, நேர்காணல், செயலி – மதுரை வானொலிக்கு எதை நம்பலாம்?

மதுரையில் ஒரு பண்பலை நிலையம், இரவு 9 மணிக்கு ஒலிபரப்பாகும் பழைய பாடல் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் ஒரு பேச்சு நிகழ்ச்சியைத் தொடங்கலாமா என்று யோசிப்பதாக வைத்துக்கொள்வோம். விளம்பரப் பிரிவு ஒரு கணக்கைக் கொண்டுவரும். நிகழ்ச்சிப் பிரிவு அதற்கு மாறான இன்னொரு கணக்கைக் காட்டும். இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு முறையில் எடுக்கப்பட்டு, வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்பவையாக இருக்கும்.

டாம் மீடியா ரிசர்ச் நிறுவனம் 2007-இல் தொடங்கிய 'ராம்' என்ற வானொலி நேயர் அளவீடு, மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய 4 நகரங்களில் நாட்குறிப்பு முறையில் நடத்தப்பட்டது. சென்னையே அந்தப் பட்டியலில் இல்லாதபோது மதுரையைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே இங்குள்ள ஒரு நிலையம் அளவீட்டை நாடினால், எந்த முறையைத் தேர்வது என்ற கேள்வியை முதலிலிருந்தே எழுப்பலாம்.

நாட்குறிப்பு முறையில், தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒரு வாரம் முழுவதும் தாம் எந்த நிலையத்தை எப்போது கேட்டார் என்று எழுதி வைக்க வேண்டும். கணக்கு கால்மணிக் கூறுகளாகப் போடப்படும். அமெரிக்க வழக்கப்படி, ஒரு கால்மணியில் 5 நிமிடம் கேட்டிருந்தால் அந்தக் கால்மணி நிலையத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். மனமறிந்து ஒரு நிலையத்தைத் தேடிக் கேட்பவரை இம்முறை தவறவிடுவதில்லை. ஆனால் வாரக் கடைசியில் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் நிரப்புகிறவர், கேட்டதை எழுதாமல் வழக்கமாகக் கேட்பதை எழுதிவிடுவார். பேருந்துகளிலும் சுவர்களிலும் பெரிதாக விளம்பரம் செய்த நிலையத்தின் பெயர் எளிதில் நினைவுக்கு வரும் என்பதால், நாட்குறிப்பு ஓரளவுக்கு அந்த விளம்பரச் செலவையும் சேர்த்தே அளக்கிறது.

இந்தக் குறையைப் போக்கவே கருவி வந்தது. அமெரிக்காவில் ஆர்பிட்ரான் நிறுவனம் 2007-இல் பிலடெல்பியாவிலும் ஹூஸ்டனிலும் நாட்குறிப்பைக் கைவிட்டு, பேஜர் அளவிலான ஒரு சிறு கருவியை நேயரின் இடுப்பில் மாட்டியது. ஒலிபரப்பில் காதுக்குப் புலப்படாத ஒரு குறியீடு கலந்திருக்கும். அதைக் கருவி பிடித்துப் பதிவுசெய்யும். மக்கள் எழுதியதைவிட அதிகமான நிலையங்களைத் தொட்டுச் சென்றதும், ஒவ்வொன்றிலும் எழுதியதைவிடக் குறைந்த நேரமே தங்கியதும் அப்போது தெரியவந்தது. கறுப்பின, ஹிஸ்பானிய நேயர்களை நம்பியிருந்த நிலையங்களின் மதிப்பீடு சரிந்தபோது, மாதிரியில், அதாவது அளவீட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில், அம்மக்கள் போதிய அளவில் இடம்பெறவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2008-இல் நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் ஆர்பிட்ரான்மீது வழக்குத் தொடுத்தார்.

கருவி என்றால் பிழை இராது என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. அந்தக் குறியீடு 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், நிகழ்ச்சியின் ஒலிக்குள்ளேயே மறைந்து பயணிக்கிறது. ஒலி அடர்த்தியாக இருந்தால் மறைய இடம் கிடைக்கும். இடைவெளி விட்டுப் பேசும் பேச்சிலும் மென்மையான இசையிலும் இடம் குறையும். வோல்ட்டேர் என்ற கருவி இந்தக் குறியீட்டை வலுப்படுத்தித் தருவதாகச் சொல்லி விற்பனைக்கு வந்து, 2015-இல் அமெரிக்க வானொலித் துறையில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது; ஆர்பிட்ரானை 2013-இல் வாங்கியிருந்த நீல்சன், அதன் பிறகு தன் குறியீட்டைத் திருத்திப் பலப்படுத்தியது. மதுரையில் இந்தத் தொழில்நுட்பம் வருமானால் முதலில் அடிபடுவது பட்டிமன்றமாகத்தான் இருக்கும்: நடுவர் ஒரு வரியைச் சொல்லிவிட்டு, கூட்டம் அதைப் பிடித்துக்கொள்ளும்வரை மௌனமாகக் காத்திருக்கும் அந்த அழகான இடைவெளியில் குறியீட்டுக்கு ஒளிய இடம் இல்லை. செல்லூரில் தறி ஓடும் கூடத்தில், சுற்றியுள்ள இரைச்சலே குறியீட்டை விழுங்கிவிடக்கூடும். மறுபுறம், ஆரப்பாளையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறியவர் ஓட்டுநர் வைத்த பாட்டைப் பொருட்படுத்தாமல் கைபேசியில் பேசிக்கொண்டே வந்தாலும், அவரைக் கருவி நேயராகவே எண்ணும். விளம்பரதாரருக்கு அது போதும். நிகழ்ச்சி பிடித்திருக்கிறதா என்று அறிய விரும்புகிறவருக்குப் போதாது.

மூன்றாவது முறை, "நேற்று எதைக் கேட்டீர்கள்?" என்று கேட்கும் நேர்காணல். மலிவானது, விரைவானது, நாட்குறிப்பின் நினைவுப் பிழையில் பாதியாவது இதிலும் இருக்கும். இதன் உடன்பிறப்பாக, 1930-களில் அமெரிக்காவில் ஹூப்பர் பெயரால் புகழ்பெற்ற முறை ஒன்று உண்டு: தொலைபேசியில் அழைத்து, "இந்த நிமிடம் எந்த நிலையம் ஓடுகிறது?" என்று கேட்பது. நினைவுக்கு அங்கே வேலையே இல்லை. தொலைபேசி வைத்திருந்த வீடுகளை மட்டுமே எட்டியது அதன் அன்றைய பெருங்குறை. மதுரையில் இதைத் தொலைபேசி இல்லாமல் நேரிலேயே செய்யலாம் என்பது என் கருத்து. தையல் கடை, தேநீர்க் கடை, முடிதிருத்தகம், கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடை எனக் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்து, குறித்த நேரத்தில் போய் நின்று, ஓடும் நிலையத்தையும் கேட்கும் தொலைவில் இருப்பவர்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டால், வீட்டை அலகாகக் கொள்ளும் ஆய்வுகளில் நழுவிவிடும் பகல்நேரக் கேட்பு பிடிபடும். இரவு 9 மணி நிகழ்ச்சிக்கு மட்டும் இது அரைகுறையாகவே உதவும். வீட்டுக்குள் படுக்கையருகே ஓடும் வானொலியை யாரும் போய் எண்ண முடியாது.

செயலிப் பதிவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் போன்ற செயலிகளில் ஒவ்வொரு இணைப்பும் பதிவாவதால் அங்கே மாதிரிப் பிழை கிடையாது. ஆனால் செயலியில் கேட்பவர் துபாயிலும் இருக்கலாம். கடையில் ஓடும் பண்பலைப் பெட்டியோ எந்தச் சர்வருக்கும் தகவல் அனுப்புவதில்லை. நிலையத்துக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளும் அழைப்புகளும் இதைவிடக் குறுகியவை. நேயர் விருப்பக் கடிதக் காலத்திலிருந்தே, திரும்பத் திரும்ப எழுதுபவர்களின் பெயரை அறிவிப்பாளர்கள் மனப்பாடமாக அறிவார்கள். எது பேசப்படுகிறது என்று தெரிந்துகொள்ள அவை உதவும். எத்தனை பேர் என்று எண்ண உதவா.

எந்த முறையாயினும் மாதிரியின் அளவு ஒரு வரம்பை விதிக்கிறது. 500 பேரைக் கேட்டு ஒரு நிலையத்துக்கு 10 சதவீதம் என்று விடை வந்தால், உண்மை ஏறத்தாழ 7.4-க்கும் 12.6-க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம். அதே 500 பேரில் இரவு நேரத்துக்குரிய குறிப்பிட்ட வயதுப் பெண்களை மட்டும் பிரித்து, 50 பேரை வைத்துக் கணக்கிட்டால், அந்த 10 சதவீதம் 2-லிருந்து 18 வரை எதுவாகவும் இருக்கக்கூடும். நிகழ்ச்சியை நிறுத்தும் முடிவுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை எண்களை வைத்தே எடுக்கப்படுகின்றன என்பதுதான் எனக்கு உறுத்தல். சென்ற வாரத்தைவிட 1.5 புள்ளி இறங்கிவிட்டது என்று ஒருவரை மாற்றுவது, சீட்டுக் குலுக்கிப் போட்டு மாற்றுவதற்குச் சமம். தவிர, மாதிரி சிறிதாக இருந்தால் அதை விலைக்கு வாங்குவதும் எளிது. 2020 அக்டோபரில் மும்பையில் வெளியான தொலைக்காட்சி டிஆர்பி முறைகேட்டுப் புகாரின் சாரமே, அளவீட்டுக் கருவி இருந்த சில வீடுகளுக்குப் பணம் தரப்பட்டது என்பதுதான்.

பழைய பாடலா பேச்சா என்ற நம் கேள்விக்கு வருவோம். ஒரே ஒரு முறைக்குத்தான் பணம் உண்டென்றால் நான் நாட்குறிப்பையே தேர்வேன். இரவில் வானொலியைத் தேடிக் கேட்பவர் தெரிந்தே கேட்கிறார், அவருடைய பிழை குறைவு. ஆனால் வாரக் கணக்காகப் பார்க்காமல் 12 வாரங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், நிரப்பிய நாட்குறிப்பை அன்றாடம் படம் எடுத்து அனுப்பச் செய்ய வேண்டும். காலை, பகல் நேர முடிவுகளுக்குக் கடைகளில் நேரில் எண்ணும் முறையே மேல். மாதிரியின் எல்லையை மாநகராட்சி எல்லையோடு நிறுத்திவிடவும் கூடாது: உசிலம்பட்டியிலும் நிலக்கோட்டையிலும் கொடைக்கானல் மலையிலிருந்து வரும் 100.5 மெகாஹெர்ட்ஸ் அகில இந்திய வானொலியும் போட்டியாளர்தான். அந்த ஊர்களை விட்டுவிட்டு எடுக்கும் கணக்கில் தனியார் நிலையங்கள் தங்களுக்குள் மட்டுமே பங்கு பிரித்துக்கொண்டிருக்கும்.