பின்பக்கத் தகட்டைப் பார்க்காமல் பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாங்காதீர்கள்

இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி நான் வாங்கிய பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசருக்குள் (ரேடியோ அலையின் திறனை அதிர்வெண் வாரியாகக் காட்டும் கருவி) இருப்பது வேறொரு கருவியின் நினைவகம் என்பது நேற்றிரவுதான் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பழைய மின்னணுக் கருவிகளைத் தனிநபர்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் அதைக் கண்டேன். இவ்வகைக் கருவிகளில் பேஸ் நாய்ஸ் (அலையின் நுண்ணிய நடுக்கம்) அளவீடு போன்ற கூடுதல் வசதிகள் (ஆப்ஷன்கள்) மென்பொருளாக உள்ளேயே இருக்கும்; அந்தக் கருவியின் வரிசை எண்ணுக்கென்றே உற்பத்தியாளர் தரும் சாவி எண்ணை உள்ளிட்டால்தான் அவை திறக்கும். இந்த மாடலுக்குச் சாவி தருவது எப்போதோ நின்றுவிட்டது. அதனால்தான் "எல்லா ஆப்ஷனும் உண்டு" என்ற ஒற்றை வரியில் விழுந்தேன்.

நான் கேட்காமலேயே விற்பனையாளர் ஒரு காணொளி அனுப்பினார். அதில் ஒரு விரல் ஆப்ஷன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியது. திரையின் மேலே வரிசை எண் பளிச்சென்று தெரிந்தது. "நானும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன்தான் சார், அளவு தப்பினால் எனக்கே தூக்கம் வராது" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் பணம் அனுப்பினேன். வரிசை எண் பொறித்த பின்பக்கத் தகட்டின் படத்தைக் கேட்கத் தோன்றவே இல்லை.

கருவி வந்தது, ஆப்ஷன்கள் எல்லாம் இருந்தன. தன்னைச் சரிபார்த்துக்கொள்ள உள்ளேயே இருக்கும் குறிப்பு அலையையும் சரியாகவே காட்டியது, ஆனால் அது ஒரே ஓர் அதிர்வெண்ணில் மட்டும் வருவது. 2 ஜிகாஹெர்ட்ஸில் 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட் திறன்) கொடுத்தால் மைனஸ் 3.2 என்றது. பாதிக்கு மேல் திறன் காணோம்!

"அரை மணி நேரம் சூடாகட்டும்" என்றார் விற்பனையாளர், சூடாக்கினேன். "கேபிளில் இழப்பு இருக்கும்" என்றார். கேபிளின் மறுமுனையில் பவர் மீட்டர் வைத்து அளந்தேன், குறை அங்கே இல்லை. "உங்கள் சிக்னல் ஜெனரேட்டரைச் சோதியுங்கள்" என்றதோடு பதில்கள் நின்றன. சந்தையின் உதவிப் பிரிவோ, திருப்பி அனுப்பும் காலம் கடந்துவிட்டது என்றும், கருவி இயங்குவதால் விளம்பரத்துக்கு முரண் ஏதும் இல்லை என்றும், ஒரே பதிலை மூன்று வெவ்வேறு பெயர்களில் அனுப்பியது. போனது இரண்டு மாதச் சம்பளம் என்று எழுதினேன். "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்று வந்தது.

நேற்று மூடியைக் கழற்றத் திருப்பியபோதுதான் தகடு கண்ணில் பட்டது. அதன் எண்ணும் திரையில் வரும் எண்ணும் கடைசி நான்கு இலக்கங்களில் வேறு. உள்ளே, பேட்டரியோடு சேர்த்து வார்க்கப்பட்ட அந்த உயரமான கறுப்பு நினைவகச் சிப்பின் கால்களைச் சுற்றிப் பிசுபிசுவென்று புது ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும்போது தடவும் பிசின்). ஆப்ஷன் உள்ள ஒரு கருவியின் நினைவகத்தை அப்படியே நகலெடுத்து இதில் ஏற்றியிருக்கிறார். இந்த மாடலில் வரிசை எண், சாவிகள், ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அளவைச் சரிசெய்யும், கருவிக்குக் கருவி மாறும் காலிப்ரேஷன் திருத்தங்கள் எல்லாம் அந்த ஒரே சிப்பில் இருப்பதால், பூட்டை ஏமாற்றிய கையோடு அளவையும் கெடுத்துவிட்டார். அத்தகைய சிப்பின் பேட்டரிக்கு 10 ஆண்டுதான் உறுதி; அது தீருமுன் தன் கருவியின் தரவையே புதுச் சிப்புக்கு மாற்றுவதை நான் குறை சொல்லவில்லை, நானே செய்திருக்கிறேன். இது அதுவன்று. கழற்றிய சிப்பையாவது கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். அதற்கும் பதில் இல்லை.

வாங்குபவர்கள் தகட்டையும் திரையையும் ஒரே படத்தில் கேளுங்கள். பல அதிர்வெண்களில் அளந்து காட்டச் சொல்லுங்கள். கருவி கைக்கு வந்த அன்றே சோதியுங்கள். நான் பத்து நாள் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

இதை எழுதும் நேரத்தில் அவருடைய பக்கத்தில் அதே மாடலில் இன்னொரு கருவி விற்பனைக்கு வந்திருக்கிறது. படத்தில், திரையின் மேலே, என் கருவி காட்டும் அதே வரிசை எண்.