மை டேங்கா, லேசரா? வெள்ளவத்தை வீட்டுக்கு ஒரு பிரின்டர்

மூன்றாம் மாடி, கடல் பக்க ஜன்னல், ஸ்கொலர்ஷிப்புக்குப் படிக்கிற மகள், நல்ல படம் கண்டால் பிரேம் போட்டே தீரவேண்டும் என்கிற அம்மா. இவ்வளவையும் தலையில் சுமந்துகொண்டு இரண்டு சனிக்கிழமை பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். கடைசியில் கெனன் ஜி3020 என்ற, போத்தலிலிருந்து மை ஊற்றுகிற டேங்க் பிரின்டரை மடியில் வைத்தபடி த்ரீவீலில் வீடு வந்தேன். அது நடந்து ஒன்றரை வருடம். ஆகவே நடுவர் தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்கவேண்டாம்.

காட்ரிஜ் பிரின்டரைப் பற்றிப் பேச அதிகமில்லை. மெஷின் மலிவு, மை ஆளைத் தின்னும். எச்.பி. 680 காட்ரிஜுக்குக் கம்பனி சொல்லும் கணக்கே கறுப்பு 480 பக்கம், கலர் 150 பக்கம். ஜி3020இன் கறுப்பு மைப் போத்தல் ஒன்றுக்கு 6,000 பக்கம் சொல்கிறார்கள். காட்ரிஜில் ஒரு நல்ல விஷயம், மை தெளிக்கும் ஹெட்டும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அடைத்துக்கொண்டால் புதுக் காட்ரிஜோடு புது ஹெட்டும் வந்துவிடும். ஆனால் மாதம் நாலு பக்கம் எடுக்கிறவருக்குப் பிரின்டரே தேவையில்லை, சந்தியில் இருக்கிற கொமினிகேஷன் (போட்டோகொப்பிக் கடை) போதும்.

என்னை உண்மையில் தடுமாற வைத்தது லேசர்தான். டோனர் வெறும் தூள், காயாது. ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்து சுவிச்சைப் போட்டாலும் முதல் பக்கமே சுத்தமாக வரும். பிரதர் எச்எல்-எல்2321டி போன்ற கறுப்பு வெள்ளை லேசர் தாளின் இரண்டு பக்கமும் தானாகவே அடித்துத் தரும். என் மெஷினில் பழைய பரீட்சை வினாத்தாள் (பாஸ்ட் பேப்பர்) எடுக்கும்போது நான்தான் தாளைத் திருப்பி வைக்கிறேன். பாதி நாள் தலைகீழாக வைக்கிறேன். போட்டோவே வேண்டாம் என்றால் லேசரை வாங்குங்கள். ஆனால் அதை யூபிஎஸ்ஸில் செருகவேண்டாம். டோனரை உருக்கும் பகுதி சூடாகும்போது இழுக்கிற கரண்டை வீட்டு யூபிஎஸ் தாங்காது.

கலர் லேசர் போட்டோவுக்கு ஆகாது, நிறங்கள் சப்பென்று இருக்கும். மை தெளிக்கும் (இங்க்ஜெட்) பிரின்டருக்கான போட்டோ தாளை அதற்குள் விட்டால் மேற்பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். கறுப்பு லேசரோடு கெனன் செல்ஃபி சிபி1500 என்ற சின்னப் போட்டோ பிரின்டர் ஒன்றையும் வாங்கலாமா என்று யோசித்தேன். மஞ்சள், மெஜன்டா, சியான், மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு என்று தாள் நான்கு முறை உள்ளே போய்வரும், கையில் வரும்போதே காய்ந்திருக்கும். அழகான சாமான். ஆனால் போஸ்ட்கார்ட் அளவுக்கு மேல் போகாது, அம்மாவின் பிரேம் ஏ4.

மிஞ்சியது இரண்டு டேங்க் பிரின்டர்கள், எப்சன் எல்3250யும் ஜி3020உம். கடைத் தம்பி சுருக்கமாகச் சொன்னார்: "அண்ணன், போட்டோதான் கூட எண்டா எப்சன் எடுங்க. பேப்பர் கூட எண்டா கெனன்." தப்பில்லை. எப்சனின் நான்கு மையும் சாய மை, அதனால் பளபளத் தாளில் கறுப்பு ஆழமாக விழும். கெனனின் கறுப்பு மட்டும் நிறமித் துகள் மை; எழுத்து கூர்மையாக இருக்கும், வேர்த்த கை பட்டாலும் லேசில் கலங்காது. ஆனால் அந்த எப்சனில் ஓரம் விடாமல் 4ஆர் (4x6 அங்குலம்) வரைதான் அடிக்கலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது மையே இல்லை, கழிவு மை. ஹெட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் உறிஞ்சி எடுத்த மை பிரின்டரின் அடியில் ஒரு பஞ்சில் சேர்கிறது. எவ்வளவு சேர்ந்தது என்று மெஷின் கணக்கு வைக்கும். நிரம்பிவிட்டது என்று அது நினைத்தால் டேங்க் நிறைய மை இருந்தாலும் ஒரு தாள்கூட அடிக்காது. எனது பழைய பிரின்டர் (பெயர் வேண்டாம்) தவணைப் பரீட்சைக்கு முதல் வாரம் இப்படித்தான் படுத்தது. திருத்தக் கொடுத்த இடத்தில் பஞ்சை மாற்றாமல் கணக்கை மட்டும் பூச்சியமாக்கித் தந்தார்கள். இரண்டு மாதத்தில் மேசை விரிப்பில் கறுப்புக் குளம்.

ஜி3020இல் அந்தப் பஞ்சு எம்சி-ஜி02 என்ற தனிப் பெட்டியாக வருகிறது, நாமே கழற்றி மாற்றலாம். ஹெட்டையும் அப்படியே மாற்றலாம். இந்த இரண்டுக்காகத்தான் போட்டோவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.

இதுவரை அந்தப் பெட்டியை மாற்றவேண்டி வரவில்லை, ஆகவே அது எவ்வளவு லேசான வேலை என்று என் கை இன்னும் அறியாது. ஹெட் அடைக்காததும் மெஷினின் புண்ணியமா, நான் ஞாயிறு தவறாமல் ஒரு கலர்ப் பக்கம் எடுப்பதாலா என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஒன்று மட்டும் பட்டு அறிந்தது. பட்டனில் அணைத்தால்தான் ஹெட் தன் மூடிக்குள் நிச்சயமாகப் போய் உட்காரும். 2022 மின்வெட்டுக் காலத்தில் பழைய பிரின்டர் பாதிப் பக்கத்தில் திறந்த வாயோடு பல மணித்தியாலம் கிடந்து காய்ந்தது. இப்போது அந்த வேலையை அம்மா செய்கிறார், சுவர் சுவிச்சை அணைக்காமல் அவருக்குப் படுக்கை கொள்ளாது. பிளக்குக்கு மேலே மகள் "தொடாதே அப்பம்மா" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

போட்டோவில் பெரிய ஆசை வைக்கவேண்டாம். பாஸ்போட்டுக்கு எப்படியும் பதிவுபெற்ற ஸ்டூடியோவுக்குத்தான் போகவேண்டும். கலியாண அல்பம் மாதிரி மொத்தமாக என்றால் போட்டோ லேப்தான் நல்லது. கண்ணாடிக்குள் மாட்டிய படங்கள் அப்படியே இருக்கின்றன. பிரிட்ஜ் கதவில் வெறுமனே ஒட்டியது ஆறு மாதத்தில் வெளுத்தது. கடற்காற்று போட்டோ தாளையும் விடாது, பெட்டி உடைத்தால் சிலிக்கா பையோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள்.

எந்த மொடல் எடுத்தாலும் அதன் கழிவு மைப் பெட்டி அதே கடையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நான் அன்றே ஒன்று சேர்த்து வாங்கினேன். இன்னும் பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் இருக்கிறது.